படித்தது ஏன் நிற்பதில்லை? மருத்துவக் கல்வியும் நினைவின் வேலையும்

மருத்துவப் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் வந்து நிற்கும். "அது முழுக்க மனப்பாடம்தான்" என்பது ஒன்று. "மனப்பாடம் செய்து என்ன பயன், புரிந்து படிக்க வேண்டாமா?" என்பது மற்றொன்று. முதலாவதைத் தேர்வுக்கு முந்தைய வாரத்து மாணவர்களிடம் கேட்கலாம். இரண்டாவதைப் படிப்பை முடித்துப் பல வருடம் ஆனவர்களிடம் கேட்கலாம். எதிரும் புதிருமாகத் தெரிகிற இந்த இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: நினைவு என்பது சரக்கறை, படிப்பது என்பது அதில் மூட்டை அடுக்குவது. ஒருவர் "நிறைய அடுக்க வேண்டியிருக்கிறதே" என்கிறார். மற்றவர் "கண்டதையும் அடுக்காதே" என்கிறார். அது சரக்கறை என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை.

தப்பு அங்கேதான் இருக்கிறது. மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் வைத்தே நடந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. படித்ததை மண்டையில் ஏற்றுவது பாதி வேலைதான். ஏறியதை வேண்டிய நேரத்தில் வெளியே எடுத்துப் பழகுவதும் கற்றலேதான்; பல சமயம் அதுதான் பெரிய பாதி. இதை அடியிலிருந்து பார்ப்போம். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓரிரு நோய்ப் பெயர்கள் வரும், அவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

## படிக்கட்டில் எத்தனை படி?

தினமும் ஏறி இறங்கும் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மொத்தம் எத்தனை படி? ஆயிரம் தடவை ஏறியிருப்பீர்கள், ஆனால் அனேகமாக எண்ணிக்கை தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை ஒருநாளும் வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து பத்துத் தடவை போன இடத்துக்குத் தனியாகப் போகச் சொன்னால் முதல் திருப்பத்திலேயே தடுமாறுவோம். ஓட்டிக்கொண்டு போனவருக்கு இரண்டு தடவையிலேயே வழி பிடிபட்டுவிடும். இருவரும் பார்த்தது ஒரே சாலைதான். ஆனால் ஓட்டியவர் ஒவ்வொரு முனையிலும் "இடமா, வலமா?" என்று தனக்குள் கேட்டு, பதிலைத் தானே எடுத்தார். பின்னால் இருந்தவருக்கு அந்த வேலை இல்லை.

புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது பின்சீட்டுப் பயணம். மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது வண்டி ஓட்டுவது.

இதை ஆய்வாளர்கள் மூன்று வேலைகளாகப் பிரிப்பார்கள். புதிய செய்தி மனதில் பதிவது பதிதல். அது அழியாமல் கிடப்பது தங்குதல். தேவைப்படும்போது அதை மேலே கொண்டுவருவது மீட்டல். நம் பள்ளி, கல்லூரி நேரமெல்லாம் முதல் வேலைக்கே செலவாகிறது. நோயாளி முன்னால் நிற்கும் மருத்துவருக்குப் பயன்படுவதோ மூன்றாவது வேலை. "தெரியும், ஆனால் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், பதிதலும் தங்குதலும் நடந்திருக்கின்றன, மீட்டல்தான் நடக்கவில்லை என்று பொருள்.

## மறதி வளைகோடு உண்மையில் சொல்வது

"இன்று படித்ததில் முக்கால்வாசி நாளைக்கே மறந்துவிடும்" என்று யாராவது ஒரு படத்தோடு பகிர்ந்ததைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்தாக இறங்கிப் பிறகு தரையோடு தரையாகப் போகும் கோடு அது. மறதி வளைகோடு என்பார்கள்: நாள் ஆக ஆக நினைவு எவ்வளவு குறைகிறது என்று காட்டும் கோடு. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885 இல் வெளியிட்ட நூலிலிருந்து பிறந்தது. அவரே ஆய்வாளர், ஆய்வுக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, மறுபடி மனப்பாடம் செய்தார்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அவர் அளந்தது "எத்தனை ஞாபகம் இருக்கிறது" என்பதை அல்ல. மறுபடி மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு நேரம் மிச்சமானது என்பதை. 20 நிமிடம் கழித்து மறுபடி கற்றால் சுமார் 58 சதவீத உழைப்பு மிச்சம். ஒரு மணி நேரம் கழித்து 44. ஒரு நாள் கழித்து ஏறக்குறைய 34. 31 நாள் கழித்தும் சுமார் 21.

இந்தக் கடைசி எண்ணை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். அர்த்தமில்லாத அசைகள், ஒரு மாதம் தொடவே இல்லை, கேட்டால் ஒன்றும் வராது. ஆனாலும் மறுபடி உட்கார்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. முழுக்க அழிந்துபோன ஒன்று இப்படி உதவாது. எபிங்ஹவுஸின் எண்கள் மறதியைப் பற்றி எவ்வளவு சொல்கின்றனவோ, அதே அளவு மறந்ததாகத் தோன்றுவதன் மிச்சத்தைப் பற்றியும் சொல்கின்றன. அந்தப் படத்தைப் பகிர்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பொருள் உள்ள பாடங்களில் இறக்கம் இவ்வளவு செங்குத்தாக இருப்பதில்லை. மருத்துவக் கல்லூரியின் முதல் ஆண்டுகளில் கற்கும் அடிப்படை அறிவியல் எவ்வளவு காலம் நிற்கிறது என்று முந்தைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மதிப்பாய்வு ஒன்று 2010 இல் வந்தது. ஒரு வருடம் கழித்து மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை மிஞ்சுகிறது, அடுத்த வருடம் பாதிக்குச் சற்றுக் கீழே போகிறது என்பது அதன் கணக்கு. நாளைக்கே முக்கால்வாசி போய்விடும் என்பதெல்லாம் மிகை. அதே சமயம், உடற்கூறியலை முதல் வருடம் படித்துவிட்டு அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் பிற்பாடு போகிற மாணவருக்கு இந்த எண்கள் நிம்மதி தருபவையும் அல்ல.

## தேர்வு வெறும் அளவுகோல் அல்ல

வெப்பமானியை வைத்து உடல் சூட்டைப் பார்த்தால் சூடு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தேர்வையும் அப்படித்தான் நினைக்கிறோம்: ஏற்கெனவே உள்ளே இருப்பதை அளக்கும் கருவி என்று. நினைவு விஷயத்தில் இது உண்மையில்லை. அளக்கும்போதே அளக்கப்படுவது மாறுகிறது. ஒன்றை மனதிலிருந்து எடுத்துச் சொன்னால், அடுத்த தடவை அதை எடுப்பது எளிதாகிறது. இதற்குத் தேர்வு விளைவு என்று பெயர்.

2006 இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கேவும் கல்லூரி மாணவர்களிடம் செய்த பரிசோதனை இதைப் பளிச்சென்று காட்டியது. ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஓர் அமர்வில் வாசித்துவிட்டு, மற்ற மூன்று அமர்வுகளில் வெறும் தாளில் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71 சதவீதம். பார்த்தீர்களா, வாசிப்புதான் சிறந்தது என்று அங்கேயே முடித்துவிடலாம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களில் நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. வாசித்த குழு அந்தப் பகுதியைச் சராசரியாக 14 தடவை படித்து முடித்திருந்தது. எழுதிய குழு படித்தது மூன்றரைத் தடவைகூட இல்லை.

அதே மாணவர்களிடம் "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது, பின்னால் தோற்ற குழு.

சரி, இது சாதாரண மாணவர்கள், ஒரு வாரக் கதை. வேலைப் பளுவில் இருக்கும் மருத்துவர்களுக்கு? டக்ளஸ் லார்சனும் உடன் பணிபுரிந்தவர்களும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் பார்த்தது. குழந்தை மருத்துவமும் அவசர மருத்துவமும் பயிலும் பட்டமேற்படிப்பு மருத்துவர்களுக்கு இரண்டு தலைப்புகள் கற்பிக்கப்பட்டன. ஒன்று, நிற்காமல் தொடரும் வலிப்பு. மற்றது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோய். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைப்பில் சில வார இடைவெளிகளில் திரும்பத் திரும்பச் சிறு தேர்வு. மற்றத் தலைப்பில் அதே செய்திகள் அடங்கிய குறிப்புத் தாளைத் திரும்பப் படித்தல். ஆறு மாதத்துக்கு மேல் கழித்து வைத்த இறுதித் தேர்வில் தேர்வெழுதிப் பழகிய தலைப்பில் சராசரி 39 சதவீதம், படித்துப் பழகிய தலைப்பில் 26.

39 என்பது பெருமைப்படும் மதிப்பெண்ணா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, பிறகு வருகிறேன்.

இதுவரை வந்ததை ஒரு மூச்சில் சொன்னால்: மறதி என்பது பெரும்பாலும் மீட்டலில் வரும் சிக்கல். மீட்டலைப் பழகினால் அது வலுப்படும். பழகுவதற்கு மிக எளிய வழி, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பது. பதில் தப்பானால் உடனே சரியானதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தப்பே பழகிவிடும்.

## தெரிந்த மாதிரி இருப்பது

இவ்வளவு எளிது என்றால் எல்லோரும் ஏன் இன்னும் மஞ்சள் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்? நானும் அப்படித்தான் படித்தேன். பக்கத்தில் வெள்ளை மிஞ்சாத அளவுக்குக் கோடு போட்டிருக்கிறேன். காரணம் சோம்பல் இல்லை. மூன்றாவது தடவை வாசிக்கும்போது வரிகள் தடங்கலின்றி ஓடும். அந்த ஓட்டத்தை மனம் "இது எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது "இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்" என்ற உணர்வு மட்டுமே. ஒரு முகத்தைப் பார்த்ததும் தெரிந்த முகம் என்று தோன்றுவதற்கும் பெயரைச் சொல்வதற்கும் இடையே உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும். பாடத்தில் மட்டும் அந்தத் தூரம் கண்ணில் படுவதில்லை.

மூடி வைத்துச் சொல்லிப் பார்த்தாலோ திக்கும், திணறும், வெட்கமாக இருக்கும். ஒன்றும் ஏறவில்லை என்றே தோன்றும். ராபர்ட் ப்யோர்க் என்ற உளவியலாளர் 1990களில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் விரும்பத்தக்க சிரமம் என்று சொல்லலாம்: கற்கும் நேரத்தில் வேகத்தைக் குறைத்து, கற்றது நெடுநாள் நிற்பதற்கு உதவும் சிரமம். எல்லாச் சிரமமும் இந்த வகை இல்லை. மங்கலான அச்சு, புரியாத விரிவுரை, தூக்கமில்லாத இரவு இவையெல்லாம் வெறும் சிரமங்கள்தான். அவற்றால் எந்த நன்மையும் இல்லை. கடினமாகக் கற்பிப்பதே நல்ல கற்பித்தல் என்று இந்தச் சொல்லைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளும் ஆசிரியர்களும் உண்டு.

## இடைவெளி விட்டுப் படித்தல்

ஒரே நாளில் நான்கு மணி நேரமா, நான்கு வாரத்தில் வாரம் ஒரு மணி நேரமா? மொத்த நேரம் ஒன்றே. விளைவு ஒன்றல்ல. பிரித்துப் படிப்பதை இடைவெளிப் பயிற்சி என்கிறோம்.

கனடாவில் டொராண்டோ நகரில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சை பயிலும் 38 இளநிலை மருத்துவர்களுக்கு மிகச் சிறிய ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று தைத்து இணைக்கும் நுட்பம் கற்பிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு நான்கு அமர்வுகளும் ஒரே நாளில். மீதிப் பேருக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். ஆசிரியரும் பாடமும் எல்லோருக்கும் பொது. ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்களின் கைதான் பெரும்பாலான அளவுகளில் மேல்.

ஏன் அப்படி? உடனடியாக மறுபடி செய்யும்போது முந்தைய தடவையின் சூடு ஆறவில்லை, மனம் எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து வந்தால் கொஞ்சம் மறந்திருக்கும், தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடல்தான் மீட்டல். ஆக, இடைவெளி வேலை செய்வதற்குக் காரணம் நாம் பயப்படும் அதே மறதி.

எவ்வளவு இடைவெளி என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. எவ்வளவு காலம் ஞாபகம் இருக்க வேண்டுமோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும்: அடுத்த வாரத்துக்கு என்றால் ஓரிரு நாள், அடுத்த வருடத்துக்கு என்றால் சில வாரங்கள். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பிரபலமாக்கிய அட்டைப் பெட்டி முறை இந்தக் கருத்தின் எளிய வடிவம். கேள்வி ஒருபக்கம், பதில் மறுபக்கம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், பல நாள் கழித்தே திரும்ப வரும். தப்பாகச் சொன்னது முதல் அறைக்குத் திரும்பிவிடும். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் கைப்பேசியில் வைத்திருக்கும் ஆங்கி செயலியும் இதே கருத்தின் கணினி வடிவம்தான். எந்த அட்டை எப்போது வர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லும், அவ்வளவே.

## கலைத்துப் போட்டுப் பழகுதல்

நோயாளிகள் பாட வரிசையில் வருவதில்லை. ஆனால் பயிற்சி வினாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்: மாரடைப்பு அத்தியாயத்தின் முடிவில் பத்து மாரடைப்புக் கேள்விகள். எந்த நோய் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. நிஜத்தில் இருப்பதில் மிகக் கடினமான வேலையைத் தலைப்பு செய்துவிட்டால் மாணவருக்கு மிஞ்சுவது என்ன?

பலவகைக் கேள்விகளைக் கலைத்துப் பழகுவது கலப்புப் பயிற்சி. 2003 இல் வெளியான ஓர் ஆய்வில் மருத்துவ மாணவர்கள் இதயத் துடிப்பை வரைபடமாகக் காட்டும் ஈ.சி.ஜி.யை வாசிக்கக் கற்றார்கள். ஒரு குழு ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் பழகியது, மற்றொன்று எல்லாவற்றையும் கலந்து பழகியது. புதிய ஈ.சி.ஜி.களைக் கொடுத்தபோது கலந்து பழகியவர்கள் 47 சதவீதமும் தனித்தனியாகப் பழகியவர்கள் 30 சதவீதமும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு நோயின் அடையாளம் என்ன என்று தெரிந்தால் போதாது. பக்கத்து நோயிலிருந்து அது எதில் வேறுபடுகிறது என்று தெரிய வேண்டும். அந்த வேறுபாடு, இரண்டும் அடுத்தடுத்து வந்தால்தான் கண்ணில் படும்.

## அப்படியானால் புரிதல் எங்கே போயிற்று?

"அட்டையும் தேர்வும் என்று சொல்லி, கடைசியில் கிளிப்பிள்ளைப் படிப்புக்குத்தானே வந்து சேர்ந்தீர்கள்" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த ஆய்வுகளும் இங்கேதான் இருக்கின்றன.

முதலில் மயஸ்தீனியாவையே எடுத்துக்கொள்வோம். பட்டியலாகப் படித்தால் இப்படி இருக்கும்: கண் இமை தொங்கும், பொருள்கள் இரட்டையாகத் தெரியும், விழுங்கச் சிரமம், நாள் முடிவில் மோசமாகும், ஓய்வெடுத்தால் தேறும், தொடு உணர்வில் குறையிருக்காது. ஆறு தனித்தனிச் செய்திகள், ஆறு தனித்தனி முடிச்சுகள்.

இப்போது உள்ளே நடப்பதைப் பாருங்கள். நரம்பு தசைக்கு ஆணையிட அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகிறது. தசையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. இந்த நோயில் உடலின் சொந்த எதிர்ப்பொருள்களே பெரும்பாலும் அந்த ஏற்பிகளைத் தாக்கிக் குறைத்துவிடுகின்றன. ஒரு தசையைத் தொடர்ந்து இயக்கினால் நரம்பு வெளிவிடும் வேதிப்பொருள் இயல்பாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஏற்பிகள் தாராளமாக இருப்பவருக்கு அது தெரியாது. குறைவாக இருப்பவருக்கு ஆணை போய்ச் சேராது. ஆகவே பயன்படுத்தப் பயன்படுத்தத் தளரும், ஓய்வு கொடுத்தால் தேறும். நாள் முழுக்க ஓயாமல் இயங்கும் கண் தசைகளில் அது சீக்கிரம் தெரியும். கெட்டது ஆணை போகும் வழி மட்டுமே, உணர்வு திரும்பி வரும் வழி அல்ல. அதனால் தொடு உணர்வு மாறாது. ஆறு முடிச்சு ஒரே கயிறாகிவிட்டது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றவை கூடவே வருகின்றன.

இது வெறும் உவமை இல்லை. நிக்கோல் வுட்ஸ் என்ற ஆய்வாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 2005 இல் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு மாணவர்களுக்கு நோய்களின் அறிகுறிகளைக் காரணத்தோடு விளக்கினார்கள், இன்னொரு குழுவுக்கு அறிகுறிப் பட்டியலைக் கொடுத்தார்கள். உடனே சோதித்தால் இரு குழுவும் சமம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் காரணம் தெரிந்தவர்கள் நிலையாக நின்றார்கள், பட்டியல் படித்தவர்கள் சரிந்தார்கள். இதன்படி பார்த்தால் புரிதல், நினைவுக்குப் போட்டியே இல்லை. அதைக் கட்டிவைக்கும் கயிறு.

மறுபக்கமும் உண்டு. நினைவு இல்லாமல் புரிதலும் நடக்காது. அந்தந்த நொடியில் மனதில் ஏந்தி வைத்துக் கையாளும் சிறிய இடத்துக்குச் செயல்படு நினைவு என்று பெயர். ஒரே நேரத்தில் சுமார் நான்கு செய்திகளே அதில் நிற்கும் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணிப்பு. நோயாளி பத்து அறிகுறி சொன்னால் அந்த இடம் எப்போதோ நிரம்பி வழிந்திருக்க வேண்டும். அனுபவமுள்ள மருத்துவருக்கு வழிவதில்லை, ஏனென்றால் அவருக்கு அது பத்து செய்தியாக வருவதில்லை, பழகிய இரண்டு மூன்று கொத்துகளாக வருகிறது.

கொத்து என்றால் என்ன என்பதைச் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து 1973 இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் காட்டினார்கள். நடு ஆட்டத்தில் இருக்கும் பலகையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் தொடக்கக்காரரைவிடப் பல மடங்கு அதிகமான காய்களைத் திரும்ப வைத்துவிடுவார். அதே காய்களை அர்த்தமில்லாமல் கலைத்து வைத்துக் காட்டினால் அந்த மேன்மை ஏறக்குறைய காணாமல் போகிறது. அவருக்குப் பொதுவான ஞாபக சக்தி அதிகம் இல்லை. ஆட்டத்தின் வடிவங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன, புதியதை அவற்றோடு கோத்துக்கொள்கிறார்.

மருத்துவத்தில் இதைச் செய்து பார்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. நோயாளியின் விவரக் குறிப்பைப் படிக்கக் கொடுத்து, பிறகு ஞாபகம் உள்ளதை எல்லாம் எழுதச் சொன்னார்கள். அதிகமாக எழுதியது நிபுணர்கள் இல்லை. நடுவில் இருக்கும் மூத்த மாணவர்கள். நிபுணர்கள் நாலு வரியில் சாரத்தை எழுதி முடித்துவிட்டார்கள், நோயையும் சரியாகச் சொன்னார்கள். ஹென்க் ஷ்மிட்டும் ஹென்னி போஷூய்சனும் இதற்குத் தந்த விளக்கம்: மாணவர் ஒவ்வொரு விவரத்தையும் அடிப்படை அறிவியலோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார். நிபுணரிடம் அந்த அறிவியல் தொலைந்துபோகவில்லை, மேலான சில கருத்துகளுக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறான நோயாளி வந்தால் விரிந்துகொள்ளும்.

அப்படிச் சுருண்ட அறிவின் வடிவத்தை நோய்க்கதை என்று சொல்லலாம். யாருக்கு வரும், உள்ளே என்ன கெடுகிறது, வெளியே என்ன தெரிகிறது என்ற மூன்று பகுதிகள் கொண்ட சிறு கதை. மருத்துவர் எதிரே இருப்பவரைத் தன் கதைகளில் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். நோயாளிகளைப் பார்க்கப் பார்க்கத்தான் கதைகள் சேரும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. "செய்திகளை இணையத்தில் தேடிக்கொள்ளலாம், சிந்திக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்" என்ற பேச்சு. ஆர்தர் எல்ஸ்டைனும் அவர் குழுவும் 1978 இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, சிறந்த மருத்துவர்களிடம் தனியான சிந்திக்கும் முறை இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கியது. அப்படி ஒன்று கிடைக்கவில்லை. நோயாளி பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே சில ஊகங்களை வைத்துக்கொண்டு சோதிப்பது எல்லோருக்கும் பொதுவான வழி. ஒரு நோயில் வெளுத்து வாங்கியவர் அடுத்த நோயிலும் அப்படியே செய்வார் என்று சொல்ல முடியவில்லை. அந்தந்த நோயைப் பற்றி என்ன தெரியும் என்பதே தீர்மானித்தது. இணையத்தில் தேடுவதற்கும் எதைத் தேடுவது என்று முதலில் தோன்ற வேண்டும் அல்லவா.

சுருக்கமாக: காரணம் தெரிந்தால் செய்திகள் சேர்ந்து நிற்கும். செய்திகள் நின்றால்தான் சிந்திக்க இடம் கிடைக்கும். "மனப்பாடமா, புரிதலா?" என்ற கேள்வி இந்த வட்டத்தை நடுவில் வெட்டிவிட்டு எந்தப் பாதி முக்கியம் என்று கேட்கிறது.

## கைக்குத் தனி நினைவு

1953 இல் வலிப்பு நோய்க்காக மூளையின் இருபக்கத்திலும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கும் அதைச் சுற்றிய பகுதிகளும் அகற்றப்பட்டவர் ஹென்றி மோலைசன். அவர் இருக்கும்வரை ஆய்வு நூல்களில் எச்.எம். என்ற எழுத்துகளாகவே அறியப்பட்டார். அதன் பிறகு புதிய செய்தி எதுவும் அவரிடம் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றின் கோட்டைத் தொடர்ந்து வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை தேறியது. ஆனால் முன்பு வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை.

சொல்ல முடிகிற செய்தி நினைவும் கை செய்கிற திறன் நினைவும் வெவ்வேறு வழிகளில் தங்குகின்றன என்பதற்கு இது பெரிய சான்று. தையல் போடுவதைப் பற்றிய விரிவுரை தையல் போடக் கற்றுத் தராது என்பதற்கான காரணமும் இதுவே. "ஏட்டுச் சுரைக்காய்" என்று பழித்தவர்கள் இந்த இடத்தில் மட்டும் சரி. அதற்காகக் கைத்திறன் மறக்காது என்று எண்ணிவிட வேண்டாம். சைக்கிள் மறக்காது, ஆனால் இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆர். பயிற்சி பெற்று மூன்று முதல் ஆறு மாதத்தில் கணிசமாகத் தேய்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பல இடங்களில் அதன் சான்றிதழ் இரண்டு வருடம் செல்லும்.

## ஆதாரமில்லாமல் உலவுபவை

இரண்டை மட்டும் சொல்லி நகர்கிறேன். "நான் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்" என்ற கற்றல் பாணி கொள்கை. விருப்பங்கள் வேறுபடலாம்; ஆனால் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் அதிகம் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008 இல் வந்த விரிவான மதிப்பாய்வு சொல்லிவிட்டது. இரண்டாவது, "வாசித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20, செய்ததில் 90" என்று அடுக்கும் பிரமிடு. இவ்வளவு உருண்டையான எண்களைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்கு அடியில் ஆய்வு எதுவும் இல்லை.

## அந்த 39 சதவீதம்

லார்சன் ஆய்வுக்குத் திரும்புவோம். தேர்வெழுதிப் பழகிய தலைப்பிலும் ஆறு மாதம் கழித்து அறுபது சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாமல் நின்றார்கள். மூன்று சிறு தேர்வு எதையும் நிரந்தரமாக்கிவிடாது. பிறகும் அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அபூர்வமாக வரும் நோய்களுக்கு அந்த வாய்ப்பை நோயாளிகள் தருவதில்லை, தேர்வுதான் தர வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அளந்தது தேர்வு மதிப்பெண்ணை. மதிப்பெண் கூடியதால் நோயாளிகள் எவ்வளவு நலமடைந்தார்கள் என்று காட்டுவது இன்னும் கடினமான வேலை.

இதையெல்லாம் அறிந்த கல்லூரிகளிலும் ஒரே நாளில் முடியும் பயிலரங்கமே அதிகம். டொராண்டோவில் இரு குழுவுக்கும் செலவான பயிற்சி நேரம் ஒன்றுதான். ஆனால் வாரம் ஒன்றாக நான்கு தடவை என்றால், 19 மருத்துவர்களைப் பணியிலிருந்து நான்கு தடவை விடுவிக்க வேண்டும், ஆசிரியர் நான்கு தடவை வர வேண்டும், அரங்கை நான்கு தடவை ஒதுக்க வேண்டும். பணி அட்டவணை போடுபவரிடம் இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.